ஒன்பதாம் நாள் பால்

எங்கள் சபைப் போதகர் ஐயர் மூன்றாவது தலைப்புக்கு வந்துவிட்டார். அவர் பிரசங்கத்துக்கு என்றைக்கும் மூன்று தலைப்புதான், மூன்றாவது முடிந்தால் ஒரு சின்ன ஜெபம், பிறகு காணிக்கைப் பாட்டு, அந்தப் பாட்டு முடிவதற்குள் நாங்கள் எழுந்து ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட வேண்டும், எனக்கு அண்ணி முறையாகிற ரோஸ்லின் மயினி காலையிலிருந்து நாலு தரம் சொல்லிவிட்டாள். போய் நிற்கிறதில் ஒன்றும் இல்லை. நின்ற பிறகு ஐயர் கறுப்பு அட்டைப் புத்தகத்தைத் திறந்து முதல் கேள்வி கேட்பார். இந்தப் பிள்ளை முன்னமே ஞானஸ்நானம் பெற்றிருக்கிறதா இல்லையா. அதற்கு இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், ஒரே ஒரு சொல், அதையும் நான் சொல்ல வேண்டாம், ஞானத்தாயாக நிற்கப்போகிற மயினி சொல்லிவிடுவாள், என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார், மாமி எல்லாரையும் விடச் சத்தமாகச் சொல்லிவிடுவாள், நான் தலையைக் குனிந்துகொண்டு சும்மா நின்றால் போதும், அது எனக்கு நன்றாகவே வரும். ஆனால் இல்லை என்பது பொய். என் மடியில் கிடந்து தன் விரலைத் தானே சப்பிக்கொண்டிருக்கிற இவளுக்கு ஞானஸ்நானம் ஆகி ஐந்து மாதம் ஆகிறது. கொடுத்தது நான்.

இப்படியொரு கேள்வி இருப்பதே போன மாதம் வரை எனக்குத் தெரியாது. எத்தனையோ ஞானஸ்நானம் பார்த்திருக்கிறேன், தண்ணீர் விழுந்ததும் பிள்ளை அழுமா அழாதா என்று பார்ப்பேனே தவிர ஐயர் என்ன வாசிக்கிறார் என்று காது கொடுத்ததில்லை. போன மாதம் மேலத்தெரு ஜெசி பையனுக்குக் கொடுத்தார்கள். ஐயர் கேட்டார், அவர்கள் நாலு பேரும் ஈ ஓட்டுகிற மாதிரி இல்லை என்றார்கள், கேள்வி முடிவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்கள், ஐயரும் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி முழுசாகக் காதில் விழுந்தது. அடுத்த மாதம் இதே இடத்தில் என்னை நிறுத்தி இதைக் கேட்பார்களே. அன்றையிலிருந்து இந்தக் கேள்வி என்கூடவே இருக்கிறது, அரிசி களையும்போது கேட்கிறது, துணி அலசும்போது கேட்கிறது, பீடி இலை வெட்டும்போது கத்திரியின் சத்தத்திலேயே கேட்கிறது, பெற்றிருக்கிறதா இல்லையா, பெற்றிருக்கிறதா இல்லையா. "ஏட்டி சலோமி, பிள்ளைக்கித் தொப்பியப் போடு, ஃபேன் காத்து நேரா மண்டையிலதான் அடிக்கி" என்று மாமி பின் பெஞ்சிலிருந்து என் தோளில் குத்துகிறாள். மாமிக்கு ரகசியமாகப் பேசத் தெரியாது. ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்குக் காது சுடுகிறது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே காது சுடுகிறவள் நான், நானூறு பேர் பார்த்தால் என்ன ஆவேன். என் கல்யாணத்தில் இதே பீடத்துக்கு முன்னால் ஐயர் சம்மதமா என்று கேட்டார், நான் சம்மதம் என்றேன், அவருக்குக் கேட்கவில்லை, மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன், மூன்றாம் தரம் மைக்கையே என் வாய்க்கு நேராகக் கொண்டுவந்து வைத்தார், அப்போது என் மூச்சு மட்டும் ஸ்பீக்கரில் புஸ்ஸென்று கேட்டது, கோயில் முழுக்கச் சிரிப்பு. "எம் மவன் ஊமைச்சியக் கட்டிக் கொண்டாந்திருக்கான்" என்று மாமி பந்தியில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கெட்ட மனசு இல்லை மாமிக்கு. சத்தம் மட்டும் ஜாஸ்தி.

இவள் பிறக்கும்போது ஏழு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. ஆயிரத்து நூறு கிராம். பெரியாஸ்பத்திரியில் குறைமாசப் பிள்ளைகள் வார்டில் வைத்தார்கள், வெளிச்சமும் சூடும் ஒன்றாக இறங்குகிற ஒரு மேடையில், மூக்கில் குழாய், காலில் குழாய், என் சுண்டுவிரல் தடிமன்தான் அவள் கை. முதல் நாள் பார்த்துவிட்டு மாமி வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அன்றைக்கு மட்டும் அவளுக்குச் சத்தம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நான் பால் எடுத்துக் கொண்டுபோக வேண்டும், பாலாடை என்று மூக்கு வைத்த ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம், அதில் இரண்டு மில்லி, மூன்று மில்லி, சிஸ்டர் அதை ஊசிக்குழலில் எடுத்து மூக்குக் குழாய் வழியாக இறக்குவார்கள். ஒன்பதாம் நாள் மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் ரத்தம் வாங்க ரத்த வங்கிக்கு ஓடியிருந்தார், மாமி ஊருக்குச் சோறு பொங்கப் போயிருந்தாள். நான் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு பாலாடையோடு உள்ளே போனால் இவளைச் சுற்றி மூன்று டாக்டர். வயிறு வீங்கி, கண்ணாடி மாதிரிப் பளபளவென்று, நரம்பெல்லாம் நீலமாகத் தெரிகிறது. மூச்சு விட்டு விட்டு வருகிறது. ஒரு சின்ன டாக்டர் பொண்ணு உள்ளங்காலில் சுண்டினாள், மூச்சு வந்தது, நின்றது, சுண்டினாள், வந்தது. பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். "நீதான் அம்மாவா? இனிமே பால் வேண்டாம்மா. எல்லாம் நிறுத்தியாச்சு. வீட்டு ஆளுங்களைக் கூப்பிட்டுக்கோ" என்றார். வீட்டு ஆளுங்களைக் கூப்பிட்டுக்கோ என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், முந்தின நாள் அடுத்த மேடைப் பிள்ளையின் தாய்க்கும் அதைத்தான் சொன்னார்கள், சாயங்காலம் அந்த மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர்கள் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார்கள். கையில் பாலாடை. அதில் மூன்று மில்லி பால். யாருக்கும் வேண்டாத பால்.

அப்போது எனக்குத் திடப்படுத்தல் வகுப்பு ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. பதினாலு வயசில் பழைய ஐயர் எங்களுக்கு வகுப்பு எடுத்தார், ஆபத்து நேரத்தில் ஐயர் வர முடியாவிட்டால் விசுவாசி யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஆணோ பெண்ணோ, படித்தவரோ படிக்காதவரோ, தண்ணீர் வேண்டும், திரியேக தேவனின் பெயர் வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். எங்களில் லில்லி என்று ஒருத்தி, வாயாடி, எழுந்து நின்று, "தண்ணி இல்லன்னா கருப்பட்டிக் காப்பிய ஊத்தலாமா ஐயரே?" என்றாள். வகுப்பே உருண்டு சிரித்தது. ஐயரும் சிரித்தார், சிரித்துவிட்டுச் சொன்னார், "தண்ணிதாம்மா. காப்பியும் கிடையாது, கலர் சோடாவும் கிடையாது." அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருந்ததால்தான் கஷ்டம். தண்ணீர் எங்கே இருக்கிறது, வார்டுக்கு வெளியே கைகழுவுகிற இடத்தில் இருக்கிறது, வெளியே போனால் மறுபடி உள்ளே விடுவார்களா, விடுவதற்குள் இவள் இருப்பாளா, மேடை மேலே இருக்கிற பாட்டில் எல்லாம் மருந்து, எது தண்ணீர் எது மருந்து என்று எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆறாம் வகுப்போடு நின்றவள், அதெல்லாம் இங்கிலீஷ். சிஸ்டரிடம் கேட்கலாம். கேட்க வாய் வரவில்லை. பொய் சொல்லக்கூடாது, அன்றைக்கு என் பிள்ளை மூச்சு நின்றுகொண்டிருக்கும்போதும் எனக்குக் கேட்க வெட்கமாக இருந்தது. சின்ன டாக்டர் பொண்ணு மறுபடி சுண்டினாள். வந்தது. பிறகு அவளையும் யாரோ கூப்பிட்டார்கள், அவள் இரண்டு எட்டு நகர்ந்தாள். நான் வலது கை நடுவிரலைப் பாலில் தோய்த்து இவள் தலையில் வைத்தேன். தலை ஒரு சாத்துக்குடி அளவு. சூடாக இருந்தது. பிதாவின் பெயரால் ஒரு தரம். குமாரனின் பெயரால் ஒரு தரம். பரிசுத்த ஆவியின் பெயரால் என்று மூன்றாம் தரம் வைக்கும்போது பால் கூடிப்போய் நெற்றி வழியாகக் கண் வரைக்கும் ஓடிவிட்டது. ஆமென் சொன்னேனா இல்லையா என்று தெரியவில்லை. அந்த நேரம் என்னை யாரோ பார்க்கிறார்கள் என்று தோன்றித் திரும்பினால் கோமதி சிஸ்டர். நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறவர்கள், எல்லாரிடமும் எரிந்து விழுகிறவர்கள். "என்னம்மா பண்ணுதே, இன்ஃபெக்ஷன் ஆயிரும்லா" என்று பக்கத்தில் வந்தார்கள். பஞ்சை எடுத்து நெற்றியை மட்டும் ஒற்றினார்கள். தலையைத் துடைக்கவில்லை. "ஒஞ் சாமிகிட்டச் சொல்லிட்டியா?" என்றார்கள். தலையை ஆட்டினேன். "அப்ப போயி அடுத்த பாலை எடு. இன்னைக்கி இல்லன்னா என்ன, என்னைக்கிக் கேக்காளோ அன்னைக்கிக் குடுப்போம். எடுக்காம விட்டா வத்திப் போயிரும்" என்றார்கள்.

பெயர். ஞானஸ்நானம் என்றால் பெயர் வேண்டுமே. அதுவரை இவளுக்குப் பெயர் வைக்கவில்லை, ஒன்பது நாள் பிள்ளைக்கு யார் பெயர் வைப்பார்கள், அதுவும் நிற்குமா நிற்காதா என்று தெரியாத பிள்ளைக்கு. விரலைத் தோய்க்கும் முன்னால் வாய் தானாகத் தபீத்தாள் என்று சொன்னது. சின்ன வயசில் ஓய்வுநாள் பள்ளிப் பண்டிகையில் நாங்கள் நாடகம் போட்டோம், செத்துப்போன தபீத்தாளைப் பேதுரு எழுப்புகிற கதை. எனக்குத்தான் தபீத்தாள் வேஷம், ஏனென்றால் அவளுக்கு வசனம் கிடையாது, வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு கிடக்க வேண்டும், எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பேதுரு எழுந்திரு என்றான். எனக்குக் கூட்டத்தைப் பார்க்க வெட்கம், நான் எழவில்லை. மறுபடி எழுந்திரு என்றான். எழவில்லை. மூன்றாம் தரம் காலால் உதைத்து "எந்திரிட்டி சவமே" என்றான், மைக்கில் கேட்டுவிட்டது. ஊர் அதை இன்னும் மறக்கவில்லை. அந்தப் பெயர்தான் அந்த மத்தியானம் எனக்கு வந்தது. வேறே எத்தனையோ நல்ல பெயர் இருக்கிறது. இவள் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு ரோஸ்லின் மயினி தன் போனில் தேடித் தேடி ஷெரின் ஜெனிஃபா என்று ஒரு பெயர் கண்டுபிடித்தாள், அதுதான் அச்சடித்த அழைப்பில் இருக்கிறது, அதுதான் ஐயர் கையிலிருக்கிற சீட்டில் இருக்கிறது. நல்ல பெயர்தான். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் காதில் தபீத்தாள் என்று சொல்வேன். திரும்பிப் பார்ப்பாள். ஷெரின் என்றால் பார்க்கமாட்டாள். இல்லை, அதற்கும் பார்ப்பாள், மயினி கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு கூப்பிட்டால்.

அன்றைக்கு அற்புதம் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். பால் தொட்டதும் நீலம் மாறிச் சிவப்பானது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அன்று சாயங்காலம் இரண்டு தரம் மூச்சு நின்றது, மறுநாள் ஒரு தரம் நின்றது. மாறினது வேறே. நான் மாறினேன். நடைபாதையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த இடத்தில் எனக்குள்ளே ஒரு தரை கிடைத்த மாதிரி இருந்தது, அதுவரைக்கும் கிணற்றுக்குள் போய்க்கொண்டே இருந்தவளுக்குக் காலில் கல் தட்டினது போல. இவள் இனி என் பிள்ளை மட்டும் இல்லை, ஆண்டவரே, உம்முடைய பிள்ளை, பேர் சொல்லி உம்மிடம் கொடுத்தாயிற்று, இருந்தாலும் உம்முடையவள், வந்தாலும் உம்மிடம்தான் வருவாள், நான் என் வேலையைப் பார்க்கிறேன் என்றேன். என் வேலை பால் எடுக்கிறது. இரண்டு மணிக்கு ஒரு தரம் எடுத்தேன். எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுவேன், இன்னும் இல்லை என்பார்கள், கொண்டுவந்து தொட்டியில் ஊற்றுவேன். நாலு நாள். நாற்பத்தெட்டுத் தரம். பால் எடுக்கிற அறையில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருப்போம், அதில் மீனவக் குப்பத்துப் பொம்பளை ஒருத்தி, "குடிக்கப் பிள்ளைக்கி வாய் தொறக்கல, சாக்கடைக்கா பாலு குடுக்கே?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே எடுத்தேன். மார்பு வெடித்து ரத்தம் கசிந்தது, எடுத்தேன். ஐந்தாம் நாள் காலையில் கோமதி சிஸ்டர் வாசலுக்கே வந்து, "சலோமி, கொண்டா" என்றார்கள், அவ்வளவுதான், கொண்டா. அரை மில்லி. நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது அந்த மீனவப் பொம்பளைதான் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டு முதலில் அழுதாள். அந்த நாட்களில் நான் பெரிய டாக்டரிடம்கூடப் பேசினேன், இன்றைக்கு எடை எவ்வளவு சார், வயிறு இறங்கியிருக்கா சார் என்று நானே கேட்டேன், என் வீட்டுக்காரர் இது நம்ம சலோமியா என்று பார்த்தார். நாற்பத்தேழாம் நாள் வீட்டுக்கு வந்தோம். வாசப்படி தாண்டினதும் என் சத்தம் திரும்பவும் எங்கேயோ போய்விட்டது. அதுதான் எனக்குப் புரியவில்லை. சாவுக்கு முன்னால் வந்த தைரியம் மாமிக்கு முன்னால் ஏன் வரவில்லை.

சொல்லிப் பார்த்தேன். வியாழக்கிழமை அவர் லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்று, "அத்தான், ஒண்ணு சொல்லணும்" என்றேன். "சொல்லு." "ஒண்ணுமில்ல, சிலிண்டர் தீரப் போவுது." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சிலிண்டருக்கா கண்ணு கலங்குது?" என்றார். நான் உள்ளே போய்விட்டேன். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கோயில் படி ஏறமாட்டாள், நாற்பத்தோராம் நாள் வந்து ஸ்தோத்திர ஜெபம் பண்ணின பிறகுதான் எல்லாம். நான் ஒன்பதாம் நாள், உடம்பில் பிரசவத் துணியோடு, ஐயர் செய்கிற வேலையைச் செய்திருக்கிறேன். இதைக் கேட்டால் மாமி என்ன சொல்வாள். அதுவும் தண்ணீர் இல்லை, பால். ஒருவேளை நான் செய்தது ஞானஸ்நானமே இல்லையோ. அப்படியென்றால் இல்லை என்று சொல்லிவிடலாமே, பொய் ஆகாதே. இரண்டு வாரம் இந்த எண்ணம் எனக்கு மெத்தை மாதிரி இருந்தது, இதில் படுத்துத் தூங்கினேன். பிறகு அதுவும் குத்தத் தொடங்கியது. தண்ணீரா பாலா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் ஐயர், நான் இல்லை. நான் சொல்ல வேண்டியது நடந்ததை. தண்ணீர் என்று சொல்லிவிட்டால்? யார் பார்த்தார்கள், கோமதி சிஸ்டர் இங்கே வரப்போகிறார்களா. தண்ணீர் என்றால் ஐயர் சரி என்பார், என் ஞானஸ்நானம் நிற்கும், பெயரும் நிற்கும். பால் என்றால் ஊர் சிரிக்கும். பழைய நாடகத்தோடு இதையும் சேர்த்துக்கொள்வார்கள், செத்த தபீத்தாள் இப்போது பிள்ளைக்குப் பாலை ஊற்றினாள் என்று. ஆண்டவரே, ஏன் இத்தனை சிக்கல், நான் ஒரு மூலையில் இருந்துகொள்கிறவள். ஆனால் அந்த வார்டில் நீர் வந்தீர். எனக்குத் தெரியும். அந்த மூன்று மில்லிப் பாலுக்குள் வந்தீர், மருந்து வாசனைக்கும் டப்டப்பென்ற மெஷின் சத்தத்துக்கும் நடுவில், கேட்கக்கூட வாய் வராத ஒருத்தியின் நடுவிரலுக்கு வந்தீர். இப்போது எல்லார் முன்னாலும் நின்று, அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொல்லட்டுமா. சும்மா நிற்கிறதும் சொல்லுகிறதுதானே.

ஜெபிப்போமாக என்கிறார் ஐயர். மூன்றாவது தலைப்பு முடிந்ததா, நான் கேட்கவே இல்லை, எதைப் பற்றிப் பேசினார் என்றுகூடத் தெரியாது. காணிக்கைப் பை வருகிறது, பாட்டு எடுக்கிறார்கள், மயினி என் முழங்கையைப் பிடித்து எழுப்புகிறாள், "முக்காட்டை ஒழுங்காப் போடு, போட்டோக்காரன் நிக்கான்" என்கிறாள், நடக்கிறேன், தரை கால்களுக்குக் கீழே நன்றாகத்தான் இருக்கிறது, ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் வந்து சேர்கிறார், சட்டையில் இஸ்திரி மடிப்பு, என்னைப் பார்த்துக் கண்ணால் என்ன என்கிறார், நான் ஒன்றுமில்லை என்று தலையசைக்கிறேன், பாருங்கள், இப்போதும் ஒன்றுமில்லை என்றே அசைக்கிறேன். தொட்டியில் தண்ணீர். இவ்வளவு தண்ணீர். அன்றைக்கு ஒரு சொட்டு இல்லை. பாட்டின் கடைசி அடி. எல்லாரும் உட்காருகிற சத்தம். ஐயர் புத்தகத்தைத் திறக்கிறார், கண்ணாடியை மூக்கில் ஏற்றுகிறார், "இந்தப் பிள்ளை முன்னமே ஞானஸ்நானம் பெற்றிருக்கிறதா இல்லையா?" மயினி இல்லை என்கிறாள். என் வீட்டுக்காரர் இல்லை என்கிறார். மாமி கோயில் அதிர இல்லை என்கிறாள். ஐயரின் விரல் அடுத்த வரிக்கு நகர்கிறது. நகர்கிற அந்த விரலைப் பார்த்தேன்.

"ஆயிட்டு, ஐயரே."

யார் சொன்னது என்று நானே ஒரு கணம் தேடினேன். ஐயரின் விரல் நின்றது. "என்னம்மா?" என்றார். "ஆயிட்டு. பிள்ளைக்கி ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆயிட்டு" என்றேன். "ஏட்டி, என்ன சொல்லுத நீ?" என்று மாமி. "கோட்டி பிடிச்சிட்டா இவளுக்கு?" என்று மயினி பல்லைக் கடித்துக்கொண்டு. ஐயர் கையைத் தூக்கி அவர்களை நிறுத்தினார். பிள்ளை என் சேலையைப் பிடித்துக்கொண்டது. "யாரு குடுத்தா?" "நான்." "எப்ப?" "பொறந்த ஒம்பதாம் நாள். ஆஸ்பத்திரியில. மூச்சு நின்னு போச்சி. டாக்டர் கைய விரிச்சிட்டாரு." என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார், அந்த மத்தியானம் ரத்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஓடி வந்தது எனக்குத் தெரியும், அவர் வருவதற்குள் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. ஐயர் கேட்டார், "தண்ணி ஊத்தினியாம்மா?" இதோ, இந்த இடம். தண்ணீர் என்று சொல்லிவிட்டால் எல்லாம் நேராகிவிடும். நாக்கின் நுனியில் நின்றது அந்தச் சொல். "இல்ல ஐயரே. தண்ணி கிடைக்கல. கையில பால் இருந்துச்சி. தாய்ப்பால். அதத் தொட்டு வச்சேன்." எங்கேயோ பின்னால் ஒருத்தன் க்ளுக்கென்று சிரித்தான். இன்னொருத்தர், ஆண்கள் கடைசி பெஞ்சிலிருந்து, "சத்தமாச் சொல்லச் சொல்லுங்க, இங்க கேக்கல" என்றார். அப்போதுதான் மாமி திரும்பினாள். கடைசி பெஞ்சைப் பார்த்து, தான் நிற்கிறது தொட்டிக்கு முன்னால் என்றுகூடப் பார்க்காமல், "வாயப் பொத்திட்டிருந்தாக் கேக்கும்! எம் மருமவ சொல்லிட்டிருக்கால்லா!" என்றாள். என்னிடம் திரும்பி, கண்ணெல்லாம் தண்ணீர், மாமிக்குத் தெரிந்த சின்னச் சத்தத்தில், அது நாலு பெஞ்சுக்குக் கேட்கும், "எங்கிட்டக்கூடச் சொல்லலியேட்டி. ஒத்தையிலயா நின்ன? சொல்லு, ஐயர் கேக்குறதுக்கெல்லாம் நீயே சொல்லு" என்றாள்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். புத்தகத்தை மூடவில்லை, விரலை உள்ளே வைத்தபடி என் பிள்ளையைப் பார்த்தார். பிறகு, எனக்கு மட்டும் பேசுகிற மாதிரி, ஆனால் மைக் இருந்ததால் எல்லாருக்கும், "ஆண்டவர் அந்த மத்தியானம் உன் பிள்ளைய ஏத்துக்கிட்டார்னு எனக்குச் சந்தேகம் இல்லம்மா. ஆனா தண்ணின்னு ஒரு ஒழுங்கு இருக்கு. முன்னமே பெற்றிராவிட்டால்னு சொல்லிக் கொடுக்கிறதுக்குப் புத்தகத்துலேயே வழி இருக்கு. அப்படிக் கொடுக்கேன். ஒனக்குச் சம்மதமா?" என்றார். சம்மதம் என்றேன். ஒரே தரம். மைக்கைக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டார், இடது கையில் கிடத்தினார், அந்தக் கையில் அன்றைக்குச் சாத்துக்குடி அளவு இருந்த அந்தத் தலை இப்போது உருண்டையாக, முடியோடு, வியர்வையோடு. சீட்டை ஒருதரம் பார்த்தார், மடித்துப் பையில் வைத்தார். ஞானத்தாயிடம்தான் கேட்க வேண்டும், மயினியும் கேட்பார் என்று வாயைத் திறந்துகொண்டு நின்றாள், அவர் என்னைப் பார்த்தார். "இந்தப் பிள்ளைக்குப் பெயர் சொல்லுங்கள்." மயினி என்னைப் பார்த்தாள். வருத்தப்படுவாள், ஒரு வாரம் பேசமாட்டாள், பிறகு பேசுவாள். "தபீத்தாள்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் சொல்லியிருப்பேன். ஐயர் குனிந்து தண்ணீரை அள்ளினார், தபீத்தாளே, நீ முன்னமே ஞானஸ்நானம் பெற்றிராவிட்டால் என்று தொடங்கினார், முதல் கை விழுந்ததும் இவள் வீறிட்டாள், அப்படியொரு சத்தம், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து இழுத்து, மூச்சுக்கு ஒரு குறையும் இல்லாமல், இரண்டாம் கை, மூன்றாம் கை, மேல்கூரை ஓட்டிலிருந்த புறா படபடவென்று எழுந்து பறந்தது, போட்டோக்காரன் போட்டோ எடுக்க மறந்துபோனான். ஐயர் கடைசி வார்த்தையைச் சொல்லி முடித்து நிமிர்ந்தார். கோயில் ஊழியரான கோயில்பிள்ளை, சபை சொல்ல வேண்டிய பதிலை எல்லாருக்கும் எடுத்துக் கொடுப்பதற்காக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன், தனியாக, தலை நிமிர்ந்து, பிள்ளையின் அழுகைக்கும் மேலே கேட்கிற மாதிரி: ஆமென். பிறகு அந்த நானூறு பேரும் எனக்குப் பின்னால் சொன்னார்கள்.